அழுகிய முட்டை வாடை

நேயர்களே, வணக்கம்.

முத்துப்பேட்டையிலிருந்து படகேறி, கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காட்டுக்குப் போனவர்களுக்கு அந்த வாடை தெரிந்திருக்கும். சேற்றில் காலை வைத்ததுமே குப்பென்று அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பள்ளியில் தாவரவியல் நடத்திய காலத்தில் மாணவர்களை அங்கே அழைத்துப்போவேன். முதலில் மூக்கைப் பொத்துவது உடன் வந்த ஆசிரியர்கள்தான்!

ஒருமுறை முழங்கை ஆழத்துக்குக் கையை விட்டு ஒரு பிடி சேற்றை அள்ளினேன். கன்னங்கரேலென்ற அந்தச் சேற்றுக்குள் ஓர் அலையாத்தி இலை, நரம்பெல்லாம் அப்படியே தெரியக் கிடந்தது. நம் வீட்டு எருக்குழியில் போட்டிருந்தால் ஒரு மழைக்காலத்துக்குள் மக்கியிருக்கும். நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு இலையைத் தின்று, அதன் கார்பனைக் கரியமில வாயுவாக வெளியே விடுவதைத்தான் மக்குவது என்கிறோம். அலையாத்திச் சேற்றுக்குள் ஆக்சிஜன் புகுவது அபூர்வம். அதனால்தான் அந்த மரம் மூச்சுவேர்களை மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது. மரத்துக்கே மூச்சு முட்டும் இடத்தில் இலை எங்கே மக்குவது? உதிர்ந்த இலையும் செத்த வேரும் ஆறு கொண்டுவந்த வண்டலும் நூற்றாண்டுக் கணக்கில் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கின்றன. ஹெக்டேர் கணக்கில் பார்த்தால், மேட்டுநில வெப்பமண்டலக் காடுகளைப்போல் மூன்று நான்கு மடங்கு கார்பன்கூட இத்தகைய காடுகளில் இருக்கும். அதில் பெரும்பங்கு சேற்றில்தான்.

“எங்கள் வயலிலும்தான் தண்ணீர் கட்டி நிற்கிறது, அங்கேயும் கார்பன் இப்படிச் சேருமா?” என்று மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் என்னை மடக்கினார். நல்ல கேள்வி. வயலின் நன்னீர்ச் சேற்றில் கார்பன் மீத்தேன் வாயுவாகி வெளியேறுகிறது. கடல்நீரிலோ சல்பேட் என்ற கந்தக உப்பு இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் நுண்ணுயிர்கள் முந்திக்கொள்வதால், மீத்தேன் உண்டாக்கும் கூட்டத்துக்கு அங்கே இரை குறைவு. அப்போது பிறக்கும் ஹைட்ரஜன் சல்பைடுதான் நம் மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம்.

வெள்ளைக்காரர் காலத்தில் இந்தக் காட்டைக் கூறு கூறாக மொட்டையடித்தார்கள். வெயில் பட்ட நிலம் காய்ந்து தாழ்ந்து தாம்பாளம்போல் குழிந்தது. உள்ளே வந்த கடல்நீர் திரும்ப வழியின்றி வற்ற, உப்பு ஏறி ஒரு கன்றும் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து முதலில் செய்த வேலை வாய்க்கால் வெட்டியது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைகள், மீன்முள்போல. ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், உள்ளே ஏறி இறங்கத் தொடங்கியது, உப்புக் குறைந்தது. அதற்குப் பிறகு நட்டவை பிழைத்தன.

வாய்க்கால் இல்லாத ஓர் உவர்த் திடலில் நடந்த நடவு விழாவுக்கு நானும் போயிருக்கிறேன். புகைப்படத்திலும் இருக்கிறேன். அடுத்த கோடையில் அங்கே குச்சிகூட மிச்சமில்லை.

இருக்கும் காட்டைக் காப்பது புதிதாக நடுவதைவிட அவசரம். இறால் குட்டைக்காகச் சேற்றைக் கிளறிப் போட்டால் காற்றுப் பட்டு, நூற்றாண்டுகளாகச் சேர்ந்த கார்பன் சில ஆண்டுகளிலேயே வெளியேறத் தொடங்கிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் முறித்துப்போட்ட மரங்கள் ஏராளம். அவை மீண்டு வளர, பாமணியாறும் கோரையாறும் கொண்டுவரும் நன்னீர் வேண்டும், ஓதமும் தடையின்றி உள்ளே வந்துபோக வேண்டும்.

ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் தூர்வாரச் சொல்லி நாம் மனுக் கொடுக்கிறோம். மீன்முள் வாய்க்கால்களிலும் வண்டல் அடைகிறது. மனுக் கொடுக்க அங்கே ஆயக்கட்டுதாரர், அதாவது பாசன விவசாயி, யாருமில்லை, நண்டும் மடவை மீனும்தான் இருக்கின்றன.

வணக்கம்.