கிழவன் எப்போது வந்து சேர்ந்தான்?

நண்பர்களே, ஒரு கிழவனிடமிருந்து தொடங்குகிறேன். ஊருக்கு வெளியே, பனிக்கட்டியின் மேல், வெறுங்காலோடு நிற்கிறான். விறைத்த விரல்களால் ஹர்டி-கர்டி வாத்தியத்தின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டேயிருக்கிறான். தட்டில் ஒரு காசு இல்லை. நாய்கள் உறுமுகின்றன. வில்ஹெல்ம் முல்லரின் கவிதைகளுக்கு ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட் 1827இல் இசையமைத்த ‘குளிர்காலப் பயணம்’ என்ற பாடல் தொகுப்பு இவனோடுதான் முடிகிறது. மொத்தம் 24 பாடல்கள். முதலில் கேட்ட ஷூபர்ட்டின் நண்பர்கள் திகைத்துப்போனார்கள். லிண்டன் மரப் பாட்டு ஒன்றுதான் பிடித்தது என்றார் ஒருவர்!

காதல் கைவிட்டுப்போக, இரவோடிரவாக ஊரை விட்டுக் கிளம்பியவன் பாடுகிறான். துணைக்குப் பியானோ மட்டும். ஆனால் அந்தப் பியானோ பெரிய வேடதாரி. ஓரிடத்தில் அஞ்சல் வண்டியின் கொம்பு. இன்னோரிடத்தில் இலைகளின் சலசலப்பு. கடைசிப் பாட்டில் ஹர்டி-கர்டி. இடது கை தொடக்கம் முதல் முடிவு வரை அதே இரண்டு சுரங்களை விடாமல் பிடித்திருக்கும், நம் தம்புராவின் சட்ஜமமும் பஞ்சமமும் போல.

1993இல் ஜெர்மன் இசையமைப்பாளர் ஹான்ஸ் செண்டர் இதைச் சிறிய இசைக்குழுவுக்கு மாற்றி எழுதினார். அக்கார்டியன், கிட்டார், சாக்ஸபோன், காற்றின் ஓசை எழுப்பும் பொறிகூட உண்டு. துணிச்சலான வேலை. ஆனாலும் எனக்கு ஒரு குறை: பியானோ நம்மைக் கற்பனை செய்யவிட்ட காற்றை அந்தப் பொறி நேராகவே வீசிவிடுகிறது.

ஹர்டி-கர்டிக் கலைஞர் மத்தியாஸ் லோய்ப்னர் வேறு வழியில் போனார். நடாஷா மிர்கோவிச் பாட, தொகுப்பு முழுவதையும் ஹர்டி-கர்டியிலேயே வாசித்தார். அந்த வாத்தியத்தில் வில்லுக்குப் பதிலாக ஒரு சக்கரம் தந்திகளை உரசுகிறது; சில தந்திகளில் கட்டைகளை அழுத்தி மெட்டு எழுப்பலாம், மற்றவை சுருதி. பத்து விரல் பியானோவின் செழிப்பான கோர்வைகளை அதில் எதிர்பார்க்க முடியாது. உண்மையான இழப்புதான், மறைக்க மாட்டேன்.

ஆனால் கடைசி வரிகளைக் கவனியுங்கள். ‘விந்தைக் கிழவனே, உன்னோடு வரட்டுமா? என் பாடல்களுக்கு உன் வாத்தியத்தைச் சுற்றுவாயா?’ என்று கேட்கிறான் பயணி. பியானோவோடு கேட்டால் இதற்குப் பதில் கிடையாது. லோய்ப்னர் வாசிக்கும்போதோ, கிழவன் முதல் பாட்டிலிருந்தே அவனுக்காகச் சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். பயணிக்குத்தான் தெரியவில்லை.

ஒலிப்பதிவு கையில் இருக்கிறது. கடைசிப் பாட்டை முதலில் போடச் சொல்கிறேன்.