ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவும் மரியா மில்லிஸ் அம்மாளும்

தலைமை தாங்கும் முன்னாள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் வார்டு கவுன்சிலர் அம்மா அவர்களே, மைக் செட்டுக்குக் காசு வாங்க மறுத்த தம்பி அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுத்த வாசகர் வட்டச் செயலாளருக்குத் தனி நன்றி. பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஏழைத் தொழிலாளர்களுக்காகப் போராடிய ஏழாம் ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் குடும்பம், நாடாளுமன்றப் பணி, சமய நம்பிக்கை என்று மூன்றையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் குடும்பம்.

பிரபுவின் இயற்பெயர் ஆந்தனி ஆஷ்லி கூப்பர். 1801இல் லண்டனில் பிறந்தார். அவருடைய முன்னோரான முதலாம் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு இரண்டாம் சார்லஸ் மன்னரிடம் பெரும் பதவி வகித்தவர். தத்துவ அறிஞர் ஜான் லாக் அவர் வீட்டில் தங்கியிருந்தவர். நம் ஏழாம் பிரபுவின் தாயார் மார்ல்பரோ கோமகனின் மகள். சரி, பெண் எடுத்த இடம்? 1830இல் மணந்த எமிலியின் தாய்மாமன் மெல்போர்ன் பிரபு பிரிட்டனின் பிரதமரானார். எமிலியின் தாயாரை மறுமணம் செய்துகொண்ட பால்மர்ஸ்டனும் பிரதமரானார். மனைவி வழியில் இரண்டு பிரதமர்கள்! நம் ஊரில் மாமனார் கவுன்சிலர் ஆனாலே மாப்பிள்ளையைக் கையில் பிடிக்க முடியாது. அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது.

'பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு' என்பார்கள். நான் ஏறாத மேடையில் மட்டும்தான் இதைச் சொன்னதில்லை. அந்த மாளிகையில் பெற்ற மனமே கல்லு. அப்பாவிடம் கண்டிப்பு, அம்மாவுக்குப் பிள்ளைகளைக் கவனிக்க நேரமில்லை. அந்தச் சிறுவனிடம் அன்பு காட்டி ஜெபம் சொல்லிக்கொடுத்தவர் வீட்டுப் பணியாளர் மரியா மில்லிஸ். அவன் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோதே அந்த அம்மாள் காலமானார். தன் தங்கக் கடிகாரத்தை அவனுக்கு விட்டுச்சென்றார். பிரபு கடைசிவரை அதைத்தான் அணிந்தார்.

அந்தக் கடிகாரத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். லண்டன் தெருவில் யாரோ அதை அடித்துவிட்டார்கள். பிரபு துடித்துப் போனார். போலீஸுக்குப் போனாரோ என்னவோ, சேதி திருடர்கள் காதுக்குப் போய்விட்டது. "யார்ரா அவர் கடிகாரத்தில் கை வைத்தது? நம்ம பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிற மனுஷனாச்சே!" என்று தேடியிருக்கிறார்கள். ஒருநாள் வாசலில் தட்டும் சத்தம். கதவைத் திறந்தால் ஒரு கோணி மூட்டை. அவிழ்த்தால் உள்ளே கட்டிப்போட்ட ஒரு பையன், கையில் கடிகாரம்! பிரபு அவனைப் போலீஸில் கொடுக்கவில்லை, ஏழைப் பிள்ளைகளின் பள்ளியில் சேர்த்துவிட்டார். எவ்வளவு உண்மையோ தெரியாது. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா?

நாடாளுமன்றப் பணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1826இல் உறுப்பினரானார். 1842இல் பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட பையன்களையும் சுரங்கத்துக்குள் இறக்கத் தடை கொண்டுவந்தார். அவர் பல ஆண்டு போராடியதன் பலனாக, 1847இல் ஆலைகளில் பெண்களுக்கும் இளையோருக்கும் நாளுக்குப் பத்து மணி நேர வேலை என்று சட்டமானது.

பத்து மணி நேரம்! நம் தெருவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்காவுக்கு யார் நேரம் எழுதிவைத்தார்கள்? நம் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவருக்கு வாரம் ஒரு நாள் லீவு கொடுக்க மனம் வருகிறதா? பெற்ற மனம் பித்தாம். பிள்ளையை வளர்த்துக் கொடுத்தவரிடம் மட்டும் நம் மனம் கல்லு.

தலைவர் மணி அடிக்கிறார். சமய நம்பிக்கை இன்னொரு நாள். வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007இலேயே வந்துவிட்டது. நம் தெருவில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள்? பதிய உதவவும், ஞாயிறு லீவு தரவும் சம்மதிக்கிறவர்களுக்காக வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முதல் கையெழுத்தைக் கவுன்சிலர் அம்மா போட வேண்டும். பேனா என்னிடம் இருக்கிறது.