தீ வரைபடமும் ஊர்த் தீர்மானமும்

நேயர்களுக்கு வணக்கம். மாசி பிறந்துவிட்டால் ராத்திரியில் ஒருதரம் மேற்கே பார்த்துவிட்டுப் படுக்கிறவர்கள் நாம். கோவைக்கு மேற்கே மதுக்கரை, தொண்டாமுத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மலையில் நெருப்பு வரிசையாக ஏறுவது வீட்டு மொட்டைமாடியிலிருந்தே தெரியும். 2023 ஏப்ரலில் ஆலாந்துறைப் பக்கத்து மலைத்தீக்கு விமானப்படை ஹெலிகாப்டரே வந்து தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. மறு ஆண்டு மார்ச்சில் குன்னூரிலும் அப்படித்தான்.

நான் புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வரைபடம் என்றால் கொஞ்சம் பைத்தியம் என்று வீட்டிலேயே சொல்வார்கள். தீ எங்கே வரும் என்று முன்கூட்டியே வரைந்து வைப்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. வரைவதைவிட, வரைந்ததை ஊர் ஏற்றுக்கொள்வதைப் பற்றி.

கலிஃபோர்னியாவில் இது சட்டம். அங்கே ஓக்லாந்து மலைப்பகுதியில் 1991இல் புல்லில் பிடித்த தீ ஊருக்குள் இறங்கி 25 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 3000 வீடுகள் போயின. அடுத்த ஆண்டே ஆபத்து மிகுந்த இடங்களைக் குறிக்கச் சொல்லிச் சட்டம் போட்டார்கள். 2025இல் புது வரைபடங்கள் வந்தன: மிதமானது, அதிகம், மிக அதிகம் என்று மூன்று தரம், மிக அதிகத்துக்குச் சிவப்பு நிறம். மாநிலத் தீயணைப்புத் துறை அனுப்பியதை நகர மன்றம் 30 நாளைக்குள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், 120 நாளைக்குள் தன் சட்டமாக நிறைவேற்ற வேண்டும். அப்புறம் ஒரு விதி, எனக்கு மிகவும் பிடித்தது: நகர மன்றம் ஓர் இடத்தின் தரத்தைக் கூட்டலாம், குறைக்கக் கூடாது.

இதை மலையடிவாரத்தில் சைட் விற்கும் நண்பர் ஒருவரிடம் டீக்கடையில் விளக்கிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் கேட்டார், பாவம். கேட்டுவிட்டு, "ஏனுங்க வாத்தியாரே, நம்ம சைட்டு என்ன கலருங்க வரும்?" என்றார். சிவப்புத்தான் என்றேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "பிரசிடெண்டுகிட்டச் சொல்லி அந்தக் கலரைக் கொஞ்சம் மாத்திக்க முடியாதுங்களா?" என்று கேட்டார். கெட்டவர் இல்லை அவர். செண்டு விலை அவர் கவலை. அந்தக் கேள்வி உலகம் முழுக்க எழும் என்று தெரிந்துதான் குறைக்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவுக்குப் பக்கத்து மாநிலமான ஓரிகனில், காப்பீடும் நிலவிலையும் கெட்டுப்போகிறது என்று நிலக்காரர்கள் எதிர்த்து, 2025இல் வரைபடத்தையே ரத்து செய்ய வைத்துவிட்டார்கள்.

இன்னொரு கோபமும் உண்டு. "வீட்டைச் சுற்றிச் சருகு ஒன்று விடாமல் கூட்டியிருக்கிறேன், எனக்கு ஏன் சிவப்பு?" வரைபடம் உங்கள் வீட்டைப் பார்ப்பதில்லை. மலைச்சரிவு, காய்ந்த புல், காற்று, கங்கு பறக்கும் தூரம், இவற்றைத்தான் பார்க்கிறது. தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்பது தீயணைப்பவர்களின் கணக்கு. நீங்கள் சருகைக் கூட்டினாலும் சரிவு அங்கேதான் இருக்கும். ஆனால் கூட்டியதால் வீடு பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் சிவப்பு இடத்தில் வீட்டைச் சுற்றி 100 அடி வரை புல், செடிகளை ஒழுங்குபடுத்தச் சொல்கிறார்கள். புது வீடு கட்டினால் தீப்பிடிக்காத கூரை, காற்றுத் துளைகளில் கங்கு நுழையாத வலை வேண்டும். விற்கும்போது வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும். இந்தக் கடைசி விஷயம் நம் நண்பருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோளில் பார்த்துத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. தீப்பிடிக்க வாய்ப்புள்ள காடுகளைத் தரம் பிரித்தும் வைத்திருக்கிறது, 5க்கு 5 கிலோமீட்டர் கட்டங்களாக. நாட்டுக்கு அது போதும். ஆனால் ஒரே கட்டத்துக்குள் ஓர் ஊராட்சி முழுக்க அடங்கிவிடுமே! எந்தப் பள்ளத்தில் உண்ணிச்செடி மண்டியிருக்கிறது, எந்தச் சரிவில் புல் ஆளுயரம் நிற்கிறது என்பது ஆடு மேய்க்கிறவருக்குத்தான் தெரியும். அவரையும் வனக்காவலரையும் உட்காரவைத்து வரைந்து, ஊராட்சி தீர்மானமாக ஏற்றிய ஒரு தீ வரைபடத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. மலைக்கிராமங்களில் கட்டடம் கட்ட ஹாகா, அதாவது மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி வேண்டும் என்பது 1990 முதல் நமக்குப் பழக்கம்தான். பட்டியலில் ஊர் பெயர் இருந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். தீக்கும் அதுபோல் ஒன்று வேண்டும். யாரும் குறைக்க முடியாதபடி, அதை மறுபடியும் சொல்கிறேன்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நேரமாயிற்று என்று கை காட்டுகிறார்கள். வெள்ளியங்கிரி ஏறும் காலமும் தீக்காலமும் ஒன்றாக வருவதையும், வெள்ளலூர்க் குப்பைமேட்டுத் தீயையும் பேச வைத்திருந்தேன், நேரமில்லை. ஒன்று மட்டும். மார்ச் 22 கிராமசபை என்றால் மலை அதற்குள் எரிய ஆரம்பித்திருக்கும். நவம்பர் 1 கிராமசபையில் கேளுங்கள், ஜனவரி 26இல் தீர்மானம் போட்டுவிடலாம். பேரூராட்சிக்காரர்கள் உங்கள் வார்டு உறுப்பினரைப் பிடியுங்கள். வணக்கம்.