சுட்ட தழும்பு பிள்ளையோட சேர்ந்து வளருமா?

போன வீடியோ பார்த்துட்டு ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பொண்ணுக்கு 9 வயசு. விளையாடிட்டு இருக்கும்போதே நெஞ்சு திடீர்னு படபடன்னு அடிச்சுக்குது, அரை மணி நேரம் கழிச்சு சட்டுன்னு நின்னுடுது. அப்லேஷன் பண்ணிடலாம்னு அவங்க டாக்டர் சொல்லியிருக்கார். "கத்தீட்டர்னு ஒரு மெல்லிசான குழாயை விட்டு இதயத்துல ஒரு இடத்தைச் சுடுவாங்களாமே டாக்டர், பிள்ளை வளர வளர அந்தத் தழும்பும் வளருமா?"

ரெண்டு நாளா இந்தக் கேள்வி என்னை விடல. ஏன்னா இதே சந்தேகம் 1990-கள்ல ஆராய்ச்சி பண்றவங்களுக்கும் வந்தது. சின்ன ஆட்டுக்குட்டிங்க இதயத்துல சுட்டு, அதுங்க வளர்ந்தப்புறம் பார்த்தாங்க. தழும்பும் பெரிசாகியிருந்தது. அதனாலதான் கைக்குழந்தைன்னா நாங்க முடிஞ்சவரைக்கும் மருந்தை வெச்சே ஓட்டுவோம். 15 கிலோவுக்குக் கீழ இருக்கிற பிள்ளைக்கு, எந்த மருந்துக்கும் அடங்காம இதயம் சோர்ந்து போகுதுன்னாதான் அப்லேஷன் பக்கம் போறது. இன்னொண்ணு, பிறந்த சில மாசத்துல வர்ற படபடப்பு நிறைய குழந்தைங்களுக்கு ஒரு வயசுக்குள்ள தானா அடங்கிடும். எதுக்கு அவசரப்பட்டு சுடணும்?

உங்க பொண்ணுக்கு 9 வயசு. இதயம் நல்லா வளர்ந்தாச்சு. ஒரு தடவை சுட்டா விழுற தழும்பு ஏறக்குறைய அஞ்சாறு மில்லிமீட்டர். இந்த வயசுல அதை நினைச்சு நீங்க தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். அதோட அஞ்சு வயசுக்கு மேலயும் வந்துகிட்டே இருக்கிற படபடப்பு, தானா போற வாய்ப்பு குறைவு.

அப்புறம் இந்த 'சுடுறது'ங்கிற வார்த்தை. நாங்கதான் சொல்லிச் சொல்லிப் பழக்கிட்டோம். 50 டிகிரியைத் தாண்டினாலே இதயச் சதை செத்துடும். நாங்க வைக்கிறது பெரும்பாலும் 60 டிகிரி பக்கம். கொதிக்கிற தண்ணியோட சூட்டுல பாதியும் கொஞ்சமும். நெருப்பும் கிடையாது புகையும் கிடையாது.

சரி, எதைச் சுடுறோம்? பழைய ஆளுங்களுக்கு என் புழக்கடைக் கதவுக் கதை தெரியும், பொறுத்துக்கோங்க. மேலறையில இருந்து கீழறைக்கு மின்சாரம் போக ஒரே ஒரு முன்வாசல்தான் உண்டு, ஏவி நோடு. சில பிள்ளைங்களுக்குப் பிறவியிலேயே இன்னொரு கதவு இருக்கும். முன்வாசல் வழியா இறங்கின சேதி புழக்கடை வழியா மேல ஏறி, மறுபடி முன்வாசல்ல நுழையும். சுத்திகிட்டே இருக்கும். நிமிஷத்துக்கு 200, 220ன்னு அடிக்கும். நாங்க சுடுறது அந்தப் புழக்கடைக் கதவை மட்டும்தான். இந்தக் கோளாறை 1930-லயே உல்ஃப், பார்கின்சன், ஒயிட்னு மூணு டாக்டருங்க இசிஜியில பார்த்து எழுதினாங்க, அவங்க பேர்லதான் டபிள்யூபிடபிள்யூன்னு சொல்றோம். அவங்க இசிஜியில டெல்டா அலைன்னு ஒரு சின்ன சரிவு இருக்கும். சரியான இடத்துல கத்தீட்டர் நுனி பட்டுச்சுன்னா, ரெண்டு மூணு செகண்ட்ல அந்தச் சரிவு திரையில காணாமப் போகும். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அதைப் பார்க்கும்போது எனக்கு மூச்சு ஒரு நொடி நிக்கும்.

அம்மா, நீங்க என்கிட்ட கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற. "புழக்கடைக் கதவு முன்வாசல்ல இருந்து எவ்வளவு தூரம்?" இதை யாருமே கேக்கறதில்ல! இடது பக்கம் தள்ளி இருந்தா எனக்குக் கவலை குறைவு. முன்வாசலுக்கு ஒட்டினாப்புல இருந்தா, தவறி அதுவும் மூடிப்போச்சுன்னா பிள்ளைக்கு ஆயுசுக்கும் பேஸ்மேக்கர். எல்லா அப்லேஷனையும் சேர்த்துப் பார்த்தா நூத்துல ஒண்ணோ அதுக்கும் குறைவோதான், ஆனா அந்த ஒண்ணு உங்க பிள்ளையா இருக்கக்கூடாதுல்ல? அந்த மாதிரி இடத்துல நாங்க பல நேரம் சுடமாட்டோம், உறைய வைப்போம். கிரையோன்னு பேரு. ஐஸ் ட்ரேயில ஈர விரல் ஒட்டிக்குமே, அப்படி கத்தீட்டர் நுனி சதையில ஒட்டிக்கும், நழுவாது. முதல்ல மைனஸ் 30 வரைக்கும்தான். முன்வாசல் தடுமாறுற மாதிரி இசிஜியில தெரிஞ்சா உடனே நிறுத்திடுவோம், சூடாகி பழையபடி வந்துடும். எல்லாம் சரின்னா மைனஸ் 70க்குக் கீழ. என்ன, உறைய வைச்சதுல படபடப்பு திரும்ப வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். பேஸ்மேக்கர் வைக்கிறதைவிட இன்னொரு தடவை வந்து படுக்கறது மேல்னு நான் நினைக்கிறேன்.

பதின்வயசுல இன்னொரு வகை வரும், முன்வாசலுக்குள்ளேயே ரெண்டு பாதை. ஒரு பொண்ணு வந்தா, 14 வயசு. ரெண்டு வருஷமா பரீட்சை பயம், பதட்டம்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. அவ என்கிட்ட சொன்னா, "கழுத்துக்குள்ள தவளை துடிக்குது டாக்டர்." எனக்கு அதுவே போதுமா இருந்தது. நாங்க பாடத்துல படிக்கிற அடையாளமே தவளைதான்! மேலறையும் கீழறையும் ஒரே நேரத்துல சுருங்கும்போது ரத்தம் கழுத்து நரம்புல எகிறும். அந்தப் பொண்ணு அதை எந்தப் புத்தகத்துலயும் படிக்கல. ரெண்டு வருஷம் யாரும் அவ கழுத்தைப் பார்க்கல, அவ்வளவுதான்.

அதனால வழக்கமா நான் சொல்றதுதான், சிரிக்காதீங்க: படபடப்பு இருக்கும்போதே இசிஜி. நின்னப்புறம் எடுத்தா பல பிள்ளைங்களுக்கு சுத்தமா இருக்கும், "ஒண்ணுமில்ல"ன்னு அனுப்பிடுவாங்க. அடுத்த தடவை வந்தா கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடி ஒரு இசிஜி வாங்கி பத்திரமா வைங்க. எந்தக் கதவு, எந்தப் பக்கம்னு அந்தத் தாள்தான் முதல்ல துப்பு கொடுக்கும். மயக்கம் போட்டு விழுந்தா மட்டும் தாளைப் பத்தி யோசிக்காதீங்க, நேரா எமர்ஜென்சி.

அப்புறம், பொண்ணுகிட்டயும் சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போங்க. தொடை இடுக்குல ஒரு சின்ன ஓட்டை, தூங்கி எழுந்தா சில மணி நேரம் காலை மடக்காம படுக்கணும்னு முன்னாடியே தெரிஞ்சா பிள்ளைங்க நல்லாவே ஒத்துழைக்கும். எழுந்ததும் அவங்க கேக்கறது ஒரே கேள்விதான், எப்ப ஓடலாம்னு. பெரும்பாலும் ஒரு வாரம் போகட்டும்னு சொல்வோம்.

அடுத்து ஒரு தாத்தா பேரனுக்காக கேட்டிருக்கார், அதைப் பார்ப்போம்.