வாக்குப்பெட்டிக்கு முந்தைய மேசை

நேயர்களுக்கு வணக்கம்.

தேர்தல் பாதுகாப்பு என்று பேச ஆரம்பித்தாலே பேச்சு வாக்குப்பதிவு இயந்திரத்துக்குத்தான் போகிறது. நான் இன்று பேசப் போவது அதற்கு முந்தைய மேசையைப் பற்றி. உங்கள் பெயரைத் தேடிப் பார்த்து, கையெழுத்து வாங்கி, "சரி, உள்ளே போங்க" என்பார்களே, அந்த மேசை. நம் ஊரில் அங்கே இருப்பது அச்சடித்த வாக்காளர் பட்டியல். அலுவலர் பெயரை உரக்கப் படிப்பார், பூத் ஏஜென்ட்கள் தங்கள் நகலில் குறித்துக்கொள்வார்கள், அப்புறம் விரலில் மை. அமெரிக்காவின் பல மாகாணங்களில் அந்தப் பட்டியல் டேப்லெட்டுக்குள்ளோ லேப்டாப்புக்குள்ளோ போய்விட்டது. இ-போல்புக் என்பது அதன் பெயர்.

இந்தக் கருவி வாக்கைப் பதிவு செய்வதில்லை. நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பதும் அதற்குத் தெரியாது. வந்தவர் பட்டியலில் இருக்கிறாரா, ஏற்கெனவே வாக்களித்துவிட்டாரா, இவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அது நின்றால் வரிசையும் நிற்கும். ரேஷன் கடையில் சர்வர் கிடைக்கவில்லை என்றால் அரிசி மூட்டை உள்ளே இருந்தும் நாம் வெளியே நிற்கிறோமே, அந்த நிலைமைதான்.

அமெரிக்காவில் ஏன் இது தேவைப்பட்டது? அங்கே தேர்தலை நடத்துவது பெரும்பாலும் கவுண்டி நிர்வாகம். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. தேர்தல் நாளுக்கு முன்பே பல நாட்கள் வாக்களிக்கலாம், தபாலிலும் அனுப்பலாம். சில கவுண்டிகளில் எந்த மையத்துக்கு வேண்டுமானாலும் போகலாம். விரலில் மை கிடையாது. ஆகவே ஒருவர் காலையில் ஒரு மையத்தில் வாக்களித்தால், அது மற்ற மையங்களுக்கு உடனே தெரிந்தாக வேண்டும். காகிதத்தால் அது முடியாது. கருவிகள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ள வேண்டும், அதற்கு நெட்வொர்க் வேண்டும். தொல்லையும் அந்த வழியாகத்தான் வருகிறது.

வட கரோலினாவில் டர்ஹம் கவுண்டி. 2016 நவம்பர் 8, அதிபர் தேர்தல் நாள். காலையில் வாக்குச்சாவடிக்கு வந்த சிலரிடம், "நீங்கள் ஏற்கெனவே வாக்களித்துவிட்டீர்கள்" என்று லேப்டாப் சொன்னது. வேறு சிலரிடம் அடையாள அட்டையைக் கேட்கச் சொன்னது. அந்த மாகாணத்தின் அடையாள அட்டைச் சட்டத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஜூலையிலேயே ரத்து செய்திருந்தது. இல்லாத சட்டத்தைக் கருவி அமல்படுத்திக்கொண்டிருந்தது! கவுண்டி முழுவதும் காகிதப் பட்டியலுக்கு மாறினார்கள், வரிசை நீண்டது, சில சாவடிகளில் நேரத்தை நீட்டிக்க வேண்டி வந்தது.

அதோடு முடியவில்லை. அந்த மென்பொருளைத் தந்த நிறுவனத்தை ரஷ்ய உளவுத்துறை குறிவைத்தது என்ற செய்தி 2017 ஜூனில் வெளிவந்தது. டர்ஹமில் நடந்தது ஹேக்கிங்கா, கவனக்குறைவா என்று நாடே கேட்க ஆரம்பித்தது. மத்திய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அந்த லேப்டாப்களை எடுத்து ஆராய்ந்து அறிக்கை தந்தபோது 2019 டிசம்பர் ஆகிவிட்டது. ஊடுருவலுக்கு ஆதாரம் இல்லை என்றது அறிக்கை. சில லேப்டாப்களில் முந்தைய தேர்தலின் தரவை அழிக்காமலேயே விட்டிருந்தார்கள் என்றும் தெரிய வந்தது.

மூன்று ஆண்டுகள். எனக்கு உறுத்துவது இதுதான். பழைய தரவை அழித்தோம், இன்னார் அழித்தார், இன்னார் சரிபார்த்தார் என்று கையெழுத்தோடு ஒரு தாள் இருந்திருந்தால் அந்தச் சந்தேகம் இவ்வளவு காலம் உயிரோடு இருந்திருக்காது. சதியும் சோம்பலும் தேர்தல் காலையில் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். பிரித்துக் காட்டுவது பதிவேடு மட்டும்தான்.

சரி, இந்தக் கருவியைத் தேர்தலுக்குத் தயார் செய்வது என்றால் என்ன?

தேர்தலுக்குப் பல வாரங்கள் முன்பே கருவிகளைக் கிடங்கிலிருந்து எடுத்து, பழைய தரவை முழுவதும் அழிக்க வேண்டும். உள்ளே இருக்கும் மென்பொருள் அங்கீகரிக்கப்பட்ட அதே பதிப்புதானா, ஒரு எழுத்துகூட மாறவில்லையா என்பதை அதன் டிஜிட்டல் கைரேகையை, அதாவது அந்த மென்பொருளிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் அடையாளக் குறியை, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிறகு புதிய பட்டியலை ஏற்றிவிட்டு, சோதனைப் பெயர்களைப் போட்டுப் பார்ப்பது. சாதாரண வாக்காளரை மட்டும் தேடிப் பார்த்துவிட்டுத் திருப்திப்படுவது பெரிய தப்பு. தபாலில் வாக்கு அனுப்பிவிட்டவர், வீடு மாறியவர், ஒரே பெயரில் அப்பாவும் மகனும், இப்படிச் சிக்கலான ஆட்களைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

கூட்டத்தைத் தாங்குமா என்பது இன்னொரு சோதனை. 2006 நவம்பரில் டென்வர் நகரம் நூற்றுக்கணக்கான சாவடிகளைச் சுருக்கி 55 மையங்களாக்கியது. வாக்காளர் சரிபார்ப்பு முழுவதும் ஒரு மைய சர்வரை நம்பியிருந்தது. கூட்டம் வந்ததும் அது திணறிப் படுத்துவிட்டது. சுமார் 20,000 பேர் வாக்களிக்காமலே திரும்பிப் போனதாக மதிப்பிட்டார்கள். அங்கே யாரும் எதையும் உடைக்கவில்லை, சுமையைத் தாங்குமா என்று ஒழுங்காகப் பார்க்கவில்லை, அவ்வளவே.

அரிசோனாவின் மரிகோபா கவுண்டியில் நடந்தது இன்னும் எளிமையான விஷயம். 2018 ஆகஸ்ட் 28, கட்சிகளின் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தல். காலை 6 மணிக்கு 62 சாவடிகள் திறக்கவில்லை. சரிபார்ப்புக் கருவிகளை இணைத்து வைக்கும் வேலை முடிந்திருக்கவில்லை. தவறு ஒப்பந்ததாரருடையதா, கவுண்டியுடையதா என்று அப்புறம் சண்டை போட்டுக்கொண்டார்கள். வாசலில் நின்றவருக்கு அதனால் என்ன லாபம்?

இனி பூட்டும் சாவியும். சோதனை முடிந்த கருவியைப் பெட்டியில் வைத்து, எண் உள்ள சீல் போடுவார்கள். ஒருமுறை பிரித்தால் திரும்ப ஒட்ட முடியாத சீல். எண்ணைப் பதிவேட்டில் எழுதி இரண்டு பேர் கையெழுத்து. வண்டியில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் சாவடியில் திறக்கும்போதும் அதே எண் இருக்கிறதா என்று பார்ப்பது. சீல் போடுவதில் எல்லாரும் கெட்டி, திறக்கும்போது எண்ணைப் படித்துப் பார்ப்பவர் குறைவு. படிக்காத சீல் வெறும் அலங்காரம்.

நெட்வொர்க் விஷயத்தில் விதி கறாரானது. அந்த டேப்லெட்டில் வேறு எந்த வேலையும் கூடாது, இணையத்தில் உலாவக் கூடாது, தேவையில்லாத ப்ளூடூத்தை அணைத்துவிட வேண்டும். ஹாட்ஸ்பாட் கருவியோடு வந்த பாஸ்வேர்டை மாற்ற வேண்டும், போகும் வரும் தகவல் இடையில் யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கத்தோடு போக வேண்டும். புதிய பாஸ்வேர்டைத் தாளில் எழுதி டேப்லெட்டின் முதுகில் ஒட்டிவைக்கும் பழக்கம் உலகப் பொதுவானது, அதைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டியிருக்கிறது. பேட்டரி, நேரம் சரியாக ஓடுகிறதா என்பதையெல்லாம் முதல் நாளே பார்த்துவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் கருவி நிற்கலாம். அதனால் மேசையில் முந்தைய இரவு அச்சடித்த பட்டியல் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. காகிதத்துக்குத் திரும்புவது பிற்போக்கு என்று சில தொழில்நுட்ப நண்பர்கள் சொல்கிறார்கள். டர்ஹமில் அன்று வாக்குப்பதிவு நடந்தது அந்தக் காகிதத்தால்தான். எந்த மையத்திலும் வாக்களிக்கலாம் என்ற பெரிய கவுண்டிகளில் இலட்சக்கணக்கான பெயர்களை எல்லா மையங்களுக்கும் அச்சடிப்பது நடக்காது, உண்மைதான். அங்கே நெட்வொர்க் இல்லாமலும் திறக்கும்படி முழுப் பட்டியலின் நகல் ஒவ்வொரு கருவிக்குள்ளும் இருக்க வேண்டும். கூடவே தற்காலிக வாக்குச்சீட்டுகளும் தாராளமாக. சந்தேகம் உள்ள வாக்காளரை அனுப்பிவிடாமல், அவர் வாக்கை உறையில் தனியாக வாங்கிவைத்து, தகுதி உறுதியான பிறகு எண்ண வேண்டும் என்று 2002-ம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்று சொல்கிறது. நம் தேர்தல் நடத்தை விதி 49பி (49P) நினைவுக்கு வரலாம். ஆனால் அது வேறு: நம் பெயரில் யாரோ போட்டுவிட்டால் தருகிற அந்தச் சீட்டு சாதாரணமாக எண்ணிக்கைக்கு வருவதில்லை.

தேர்தல் முடிந்த மறுநாளும் இந்தக் கருவிகளுக்கு வேலை உண்டு. மத்தியப் பதவிகளுக்கான தேர்தல் ஆவணங்களை 22 மாதங்கள் பாதுகாக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். யார் எத்தனை மணிக்கு வந்தார் என்ற பதிவையும் கருவியின் செயல்பாட்டுப் பதிவையும் வெளியே எடுத்து, நகல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சேமித்துவிட வேண்டும். அதற்கு அப்புறம்தான் கருவியில் இருக்கும் தரவைத் துடைக்க வேண்டும். யார் துடைத்தார், எந்தத் தேதியில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் கிடங்குக்கு அனுப்ப வேண்டும்.

நன்றி, வணக்கம்.