மேயர் தேர்தலும் கடைத்தெருவும்

நேயர்களுக்கு வணக்கம். மேயர் தேர்தல் வந்தால் ஊர் வியாபாரத்துக்கு என்ன ஆகும் என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். கட்சி பேச நான் வரவில்லை. திருநெல்வேலி டவுணில் மொத்தக் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். இந்த மாதம் வரவு ஏன் குறைந்தது என்று முதலாளி கேட்பார். பேரேட்டைப் புரட்டினால் பதில் கிடைக்காது. தெருவில் இறங்கிப் பார்த்தால் தெரியும்: பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருப்பார்கள், அல்லது பஸ் நிற்கிற இடத்தை மாற்றியிருப்பார்கள். மாநகராட்சித் தீர்மானங்களை விடாமல் படிக்கிற பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது.

தேர்தல் நடக்கிற அந்த ஒரு மாதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அச்சகக்காரர், பந்தல்காரர், ஆட்டோக்காரர், டீக்கடைக்காரர் எல்லாருக்கும் கை நிறைய வேலை. ஆனால் தேர்தல் நடத்தை விதி வந்த அன்று முதல் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் கணக்குக் காட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். மாடு வாங்க வருகிறவர் மடியில் ரொக்கத்தோடுதான் வருவார். பறக்கும் படை வழியில் நிறுத்தும் என்ற பயத்தில் வெளியூர் வியாபாரி வராமல் நின்றுவிட்டால், அன்றைக்கு விலை படியாது. விற்க வந்த சம்சாரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். புது டெண்டரும் அந்த நாட்களில் கிடையாது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அந்த மாதம் இழுபறிதான்.

அது ஒரு மாதத்தோடு போய்விடும். அதற்குப் பிறகு வருகிற ஐந்து வருடம்தான் நமக்கு முக்கியம்.

மேடையில் பேசுகிறவர்கள் தொழிற்சாலை கொண்டுவருவோம், ஆயிரம் பேருக்கு வேலை தருவோம் என்பார்கள். கங்கைகொண்டானில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது மாநில அரசால். மேயருக்கு அதில் வேலையில்லை. மேயர் தலைமையில் மன்றம் கூடி முடிவு செய்கிற காரியங்கள் வேறு: மார்க்கெட் எங்கே இருக்கும், மாநகராட்சிக் கடை யாருக்கு எவ்வளவு வாடகைக்குப் போகும், எந்த ரோட்டுக்கு இந்த வருடம் பணம், எந்த வாய்க்காலை முதலில் தூர்வாருவது. கேட்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் கடைத்தெரு பிழைப்பதும் படுப்பதும் இவற்றில்தான்.

பஸ் ஸ்டாண்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எனக்கு மனம் ஆறாத விஷயம் அது. 2003-ல் வேய்ந்தான்குளத்தில் புதிய பேருந்து நிலையம் வந்தது. வெளியூர் வண்டிகள் அங்கே போயின. ஜங்ஷனில் டவுண் பஸ்கள் மிச்சம் இருந்தன. பிறகு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் ஜங்ஷன் பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டுவதென்று முடிவாகி, 2018 கடைசியில் தகரம் அடைத்து மூடினார்கள். மறுபடி திறந்தது 2024 பிப்ரவரியில். ஐந்து வருடத்துக்கு மேல் ஆயிற்று, நேயர்களே. அந்த ஐந்து வருடம் அந்தச் சுற்றுவட்டாரக் கடைகள் என்ன பாடுபட்டன என்பதை அவர்கள் கணக்குப் புத்தகத்தில் நான் பார்த்திருக்கிறேன். பெட்டிக்கடை, பழக்கடை, லாலா கடை, செருப்புத் தைக்கிறவர், பூக்கட்டுகிற அம்மா. பஸ்ஸுக்கு நிற்கிற பத்து நிமிடத்தில் ஜனங்கள் வாங்குகிற பொருளை நம்பித்தான் இவர்களுடைய நாள் ஓடும். பஸ் ரோட்டோரமாக நின்று ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டால் யார் நின்று வாங்குவார்கள்? டீக்கடை அண்ணாச்சி ஒருவர் என்னிடம் சொன்னார்: "மழைன்னா ஒரு வாரம், கொரோனான்னா ஒரு வருசம்னு சொல்லுதாவ. இந்தத் தகரத்தை என்னைக்கு எடுப்பாவன்னு கேட்டா மட்டும் ஒருத்தரும் தேதி சொல்ல மாட்டேங்காவ அண்ணாச்சி." பாலுக்கு எவ்வளவு சொல்லி வைப்பது என்று தெரியாமல் அவர் தினமும் திண்டாடினார். கடன் வாங்கித் தாக்குப் பிடித்தவர்கள் இன்றைக்கும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சிலர் கடையை விட்டே போய்விட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. 2022 மார்ச் வரைக்கும் அரசு நியமித்த தனி அலுவலர்தான். மேயர் இல்லை, கவுன்சிலர் இல்லை. பேருந்து நிலையத்தை மூடியதும், அது மூடியே கிடந்த காலத்தில் பெரும்பகுதியும் இந்த இடைவெளிக்குள்தான். அதிகாரிகள் வேலை செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. "வேலை எப்போது முடியும், அதுவரைக்கும் எங்களுக்கு மாற்று இடம் எங்கே?" என்று மன்றத்தில் எழுந்து கேட்க நாம் ஓட்டுப் போட்ட ஆள் ஒருவர்கூட இல்லை. அடுத்த தடவை நம்மிடமே ஓட்டுக் கேட்டு வர வேண்டியவர் வேறு மாதிரி பதில் சொல்வார். மேயர் தேர்தலுக்கும் கல்லாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் அந்த ஐந்து வருடத்தைத்தான் காட்டுவேன்.

சரி, மேயரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளையும் தச்சநல்லூரையும் சேர்த்து 1994-ல் மாநகராட்சி ஆக்கினார்கள். 1996-ல் நாமே நேராக மேயருக்கு ஓட்டுப் போட்டோம். 2011-லும் அப்படித்தான். 2006-லும் 2022-லும் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். 55 வார்டு, 55 பேர். ஆக, உங்கள் தெருவில் கவுன்சிலருக்கு நிற்கிறவருக்கு நீங்கள் போடுகிற ஓட்டுத்தான் மேயருக்கும் ஓட்டு. தெரிந்த பையன், சொந்தக்காரன், நல்லது கெட்டதுக்கு வருவான் என்று போட்டுவிடுகிறோம். ஏலக் கணக்கைப் படித்துக் கேள்வி கேட்பானா என்று பார்ப்பதில்லை. மறைமுகத் தேர்தலில் இன்னொரு சங்கடமும் உண்டு. மேயருக்கும் கவுன்சிலர்களுக்கும் ஒத்துப்போகாவிட்டால் மன்றமே நகராது. 2024 ஜனவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரைக்கும் போனது. ஜூலையில் மேயர் ராஜினாமா, ஆகஸ்டில் புது மேயர். கூட்டம் நடக்காவிட்டால் தீர்மானம் இல்லை. தீர்மானம் இல்லாவிட்டால் வேலை இல்லை. வேலை செய்து முடித்த ஒப்பந்தக்காரருக்குப் பில் பாஸாகாது, அவரிடம் கூலிக்குப் போனவருக்குச் சம்பளம் தள்ளிப்போகும்.

ஏலம் என்றேன் அல்லவா? மார்க்கெட்டில் காய் கொண்டுவந்து விற்கிறவரிடம் சீட்டுக் கிழித்துக் காசு வாங்குகிற உரிமையை ஏலம் விடுகிறார்கள். குத்தகைக்காரர் அதிகத் தொகைக்கு எடுத்தால் மாநகராட்சிக்கு வரவு. ஆனால் அவர் அந்தப் பணத்தை யாரிடம் எடுப்பார்? கீரைக்கட்டைத் தலையில் சுமந்து வருகிற அம்மாவிடம்தான். அவர் அதைக் கத்திரிக்காய் விலையில் வைப்பார். கடைசியில் கொடுப்பது நாம். தலைச்சுமைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று மார்க்கெட் வாசலில் பலகை வைத்து, அதற்கு மேல் வாங்கவிடாமல் பார்த்துக்கொள்கிற மன்றம் இருந்தால் காய்கறி விலையில் வித்தியாசம் தெரியும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு பலகை செய்கிற நன்மையை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

சொத்து வரியும் அப்படித்தான். 2022-ல் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம் கூடியது, வணிகக் கட்டடத்துக்கு 100 சதவீதம். உத்தரவு சென்னையிலிருந்து வந்தது, தீர்மானம் போட்டது மன்றம். கட்டட உரிமையாளர் அதை வாடகையில் ஏற்றுவார், கடைக்காரர் சரக்கில் ஏற்றுவார். வரி வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. வாங்கிய வரியில் அந்தத் தெருவுக்கு விளக்கும் வாய்க்காலும் வந்ததா என்று கேட்க வேண்டும்.

இன்னும் ஆற்றைப் பற்றிச் சொல்ல நிறைய வைத்திருந்தேன். ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். சுருக்கமாகச் சொல்கிறேன். ஊர்ச் சாக்கடை தாமிரபரணியிலும் பாளையங்கால்வாயிலும் கலப்பதால் நஷ்டப்படுகிறவர் கீழே வயல் வைத்திருக்கிறவர். தூத்துக்குடிப் பக்கம் வரைக்கும் குடிக்கிற தண்ணீர் அது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்ததை எல்லாரும் பார்த்தீர்கள், சரக்கு நனைந்தால் காப்பீடு இல்லாதவருக்கு மீள வழியே கிடையாது. 2022-ல் வந்த மன்றத்துக்கு 2027 தொடக்கத்தில் காலம் முடிகிறது. ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் வார்டு சாக்கடை எங்கே போய் விழுகிறது? மார்க்கெட் குத்தகை எவ்வளவுக்குப் போயிருக்கிறது? மூன்றாவது, தெருவோரக் கடைக்காரர்களுக்கு 2014 சட்டப்படி ஒரு குழு இருக்க வேண்டும், அதில் பத்துக்கு நான்கு பேர் அவர்களே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும், அந்தக் குழு கடைசியாக எப்போது... நேரம் முடிந்துவிட்டது என்கிறார்கள். வணக்கம், நேயர்களே.