மழைநீருக்கு முதலில் வழி

(அட்டன் பகுதியில் வீட்டுத்தோட்டம் செய்வோர் கூடிய ஒரு மாலை நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, அக்காமாரே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

நம் இலங்கை மலையகத்தில் ‘தோட்டம்’ என்றால் அது தேயிலைத் தோட்டம்தான். எந்தத் தோட்டம் என்று ஒருவர் நம்மைக் கேட்டால், பிறந்த ஊரைக் கேட்கிறார் என்று பொருள். நாம் வீட்டைச் சுற்றி வளர்க்கிற போஞ்சிக்கும் கோவாவுக்கும் ரோஜாவுக்கும் உரிய இடத்தை ‘வீட்டுத்தோட்டம்’ என்று ஒரு சொல்லைக் கூடச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. என் தகப்பனார் துரை பங்களாவில் பூந்தோட்ட வேலை செய்தவர். பகல் முழுவதும் ஏக்கர் கணக்கான புல்வெளியையும் பூப்பாத்திகளையும் பராமரித்துவிட்டு, மாலையில் வரிசை வீடான லயத்துக்குத் திரும்பி, இஸ்தோப்பு என்ற முன்திண்ணைக்கு முன்னால் கிடந்த மூன்றடி அகல மண்ணில் பேணிகளை அடுக்கி ஜெரனியம் வளர்த்தார். பங்களாவில் வெட்டிக் கழித்த குச்சிகளே அவருக்கு நாற்று. இந்த மலைகளின் அழகான தோட்டங்கள் பலவற்றை உருவாக்கிய கைகள், சொந்தமாக ஒரு பாத்தி நிலமும் இல்லாத கைகள் என்பதை அன்று நான் உணரவில்லை. இன்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இன்று நம்மில் சிலருக்கு 7 பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் கிடைத்திருக்கின்றன. இன்னும் பலர் லயத்தில்தான் இருக்கிறார்கள். ஒரு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 272 சதுர அடி; ஆகவே 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,905 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீட்டுக்குப் போய், நடைபாதை, மலசலகூடம், பின்புற மண்கரை ஆகியவையும் போனால், மிச்சமிருப்பது சிறிய இடம்தான். அந்தச் சிறிய இடத்தில் என்ன நடுவது என்றுதான் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைச் சற்று ஒத்திவைக்குமாறு கேட்டுக்கொள்வதற்காகவே நான் இங்கே நிற்கிறேன். மலைச்சரிவில் தோட்டம் செய்கிறவர் முதலில் கேட்க வேண்டியது, பெய்கிற மழை என் காணியில் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்பதைத்தான்.

நம் பக்கத்து மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. அதில் பாதிகூடப் பண்டாரவளையில் பெய்வதில்லை. நமக்கு மே மாதம் தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கொட்டுகிறது. பண்டாரவளை, பதுளை அடங்கிய ஊவா மக்களுக்கு அந்த மாதங்கள் வறட்சியும் காற்றுமாகப் போய், மார்கழி, தை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றில்தான் நனைகிறது. எனவே பதுளையில் இருக்கிற சித்தி விதை போடுகிற மாதத்தைப் பார்த்து மஸ்கெலியாவில் இருப்பவர் விதை போட்டால், முளைத்த கீரை மழையில் அழுகிப் போகும்.

இந்த மழையைச் சமாளிக்கும் அறிவு நமக்கு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. தேயிலை மலைகளில் நீர் வடியும் கான் வெட்டியவர்கள் நம் பாட்டன்மார். சரிவுக்குக் குறுக்காக, மிக இலேசான இறக்கத்துடன் கானை இழுத்து, கானுக்குள் இடையிடையே குட்டையான மண்வரம்பு விட்டு, வண்டல் குழியில் தங்கவும் நீர் மட்டும் வழிந்து போகவும் செய்கிற அந்த நுட்பத்தை அவர்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. ஆனால் அதே குடும்பத்துப் பிள்ளைகள் சொந்தக் காணி கிடைத்ததும் பாத்தியை மேலிருந்து கீழாக நேர்கோட்டில் போடுகிறார்கள். நுவரெலியாப் பக்கத்து மரக்கறிக் காணிகளில் அப்படிப் போடுவதைப் பார்த்திருக்கிறோம்; நீர் விரைவாக வடிந்து கிழங்கு அழுகாமல் இருக்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். நீர் வடிவது உண்மைதான். ஆனால் அதோடு சேர்ந்து மேல்மண்ணும் வடிகிறது. ஆறுகளைச் செந்நிறமாக்கி நீர்த்தேக்கங்களின் அடியில் போய்ப் படிகிறது. பெரிய விவசாயிக்கு அடுத்த போகத்துக்கு லொறியில் கோழி எரு வரும். 4 பாத்தி வைத்திருக்கும் நமக்கு அந்த மண் போனால் போனதுதான். ஆகவே, பாத்தி சரிவுக்குக் குறுக்கே கிடக்க வேண்டும். பாத்தியின் மேல்புறம் ஒரு சாண் ஆழத்தில் கான் ஓட வேண்டும். கீழ்விளிம்பில் வெட்டிவேரோ மானாப்புல்லோ ஒரு வரிசை நிற்க வேண்டும். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் புதுக் கன்று வைப்பதற்கு முன்னர், மண் தேறுவதற்காக மானாப்புல்லையும் குவாத்தமாலாப் புல்லையும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வளர்ப்பதை இங்கே உள்ள தாய்மார் பலர் பார்த்திருப்பீர்கள். மலைக்கு மருந்தான புல் நம் வாசலுக்கும் மருந்தாகும்.

இதைச் சொல்லும்போது கவனமாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. 2014 அக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் யாரும் மறக்கவில்லை. வீட்டுத்தோட்டத்தால் மலை சரிவதில்லை. ஆனால் ஓர் அடி இடம் கூடக் கிடைக்கட்டும் என்று வீட்டின் பின்புறத்து மண்கரையைச் செங்குத்தாக வெட்டுவதும், கூரை நீரை அந்தக் கரைமேலேயே விழவிடுவதும் ஆபத்தானவை. கரையில் புதிதாக வெடிப்புத் தெரிந்தாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, தெளிவாக வந்த ஊற்று திடீரெனக் கலங்கினாலோ, பாத்தி வேலையை நிறுத்திவிட்டுக் கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் வீட்டைவிட்டு வெளியேறுங்கள். எந்தக் கோவாவும் உயிருக்கு ஈடாகாது.

நீருக்கு வழி செய்த பிறகு மண்ணைப் பார்க்கலாம். தேயிலை புளித்த மண்ணை விரும்புகிற பயிர். நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் தேயிலையும் அதற்கிட்ட அமோனியா உரமும் இருந்த மண் இன்னும் புளித்திருக்கிறது. மரக்கறிகளில் பெரும்பாலானவை அந்தப் புளிப்பைத் தாங்குவதில்லை. கோவாவும் நோக்கோலும் நன்றாக முளைத்து, பின்னர் வெயில் நேரத்தில் வாடி, பிடுங்கிப் பார்த்தால் வேர் கட்டிகட்டியாக வீங்கியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது வேர்முடிச்சு நோய். புளித்த, ஈரமான மண்ணில் அது செழிக்கும். ஒருமுறை வந்தால் பல ஆண்டுகள் மண்ணிலேயே கிடக்கும். அதற்கு மருந்து தேடி அலைவதைவிட, நடுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னரே டொலமைட் என்ற சுண்ணாம்புத்தூளைத் தூவி மண்ணோடு கலந்து வைப்பதும், அந்தப் பாத்தியில் மறுபடியும் கோவா இனத்தை நடாமல் போஞ்சிக்கோ கரட்டுக்கோ மாற்றுவதும் நல்லது. டொலமைட்டையும் யூரியாவையும் ஒரே நாளில் போடாதீர்கள். யூரியாவின் சத்து காற்றில் போய்விடும். விறகடுப்புச் சாம்பலும் புளிப்பைக் குறைக்கும். ஆனால் உருளைக்கிழங்குப் பாத்தியில் அதைக் கொட்டினால் கிழங்கின் தோல் சொறிபிடிக்கும்.

மண்ணின் புளிப்பைக் காட்டும் கருவி ஒன்று நம் வாசல்களிலேயே நிற்கிறது. ஹைட்ரேஞ்சியாவைத்தான் சொல்கிறேன். புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால் அந்தப் பூ நீலமாகிறது. சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. நம் தோட்டங்களில் அது நீலமாகவே பூப்பதைப் பார்த்து, பூவின் நிறமே நீலம் என்று நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். ஒரு வீட்டில் புதிதாகச் சீமெந்துச் சுவர் கட்டிய இரண்டாம் ஆண்டு, சுவரோரச் செடி மட்டும் ஊதாவும் சிவப்புமாகப் பூத்தபோதுதான் சுவரின் சுண்ணாம்பு மண்ணில் இறங்கியிருப்பதை விளங்கிக்கொண்டேன். நீலம் வேண்டுவோர் அதன் அடியில் சாம்பல் போடாமல் தேயிலைச் சக்கையைப் போடலாம்.

அதே செடிக்கு நாம் செய்கிற ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். கவ்வாத்து நம் கைக்குப் பழகிய வேலை. எந்தச் செடியைக் கண்டாலும் முழங்கால் உயரத்துக்கு வெட்டத் தோன்றுகிறது. தேயிலைக்கு அது சரி, ரோஜாவுக்கும் பெரும்பாலும் சரி. ரோஜாவில் வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே, நீர் தங்காதபடி சாய்வாக வெட்டினால் புதுத் தளிரில் பூ வரும். ஆனால் கொத்துப்பூ ஹைட்ரேஞ்சியாவில் அடுத்த பூவுக்கான மொட்டு சென்ற ஆண்டுத் தண்டில் ஏற்கெனவே உருவாகியிருக்கும். அதை அடியோடு வெட்டியவர்கள், இலை மட்டும் தழைத்து நிற்கிற செடியைப் பார்த்து, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்கிறார்கள். வாடிய பூவுக்குக் கீழே முதல் திடமான இரட்டை மொட்டுவரை மட்டும் வெட்டுங்கள். காய்ந்த தண்டை மாத்திரம் அடியோடு எடுங்கள்.

உரம் பற்றி ஒரு சொல். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தளர்த்தப்பட்டது. அடுத்த ஆண்டின் நெருக்கடியில் மரக்கறி விலை ஏறி, மண்வெட்டியே பிடிக்காதவர்களும் வீட்டுத்தோட்டம் போட்டார்கள். இரசாயன உரத்தை நான் பழிக்கவில்லை. ஆனால் வீதியோரங்களில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் காட்டுச் சூரியகாந்தியின் இலையும் இளந்தண்டும் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் நிறைந்தவை; பூப்பதற்கு முன் வெட்டி, ஒரு வாரம் வாடவிட்டு, பாத்தியில் மூடாக்காக இடலாம். தண்டை மட்டும் ஈரமண்ணில் போட்டுவிடாதீர்கள். வேர் பிடித்து உங்கள் காணியை அது எடுத்துக்கொள்ளும். அழகுக்கென்று கொண்டுவந்து காட்டைப் பிடித்த செடிகள் நம் நாட்டில் பல உண்டு. உண்ணிச்செடி அவற்றில் ஒன்று. நம் குளிரில் குப்பை மெதுவாகவே மக்கும் என்பதால், கூட்டெருக் குவியலைக் கறுப்புப் பொலித்தீனால் மூடி, பொறுமையாக இருங்கள்.

தக்காளிக்கு நம் மழை பகை. இலையில் கரும்புள்ளி தோன்றி நான்கைந்து நாளில் செடி முழுவதும் கருகுகிற பிந்திய வெளிறல் நோய், 1845 இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே நோய். அது ஈர இலையில்தான் பிடிக்கிறது. ஆகவே ஒரு பொலித்தீன் கூரை, ஒரு கம்பு, மண்ணைத் தொடும் கீழிலைகளைக் கிள்ளிவிடுதல், நீரை வேரடியில் மட்டும் ஊற்றுதல் ஆகியவை போதும். உருளைக்கிழங்கு எடுத்த பாத்தியில் தக்காளி நடக்கூடாது.

லயத்தில் இருப்போருக்கும் இடமில்லாமல் இல்லை. பால்மாப் பேணியின் அடியில் நான்கைந்து ஓட்டை போட்டு, மண்ணோடு கூட்டெருவும் தும்புத்தூளும் கலந்து நிரப்பினால், வல்லாரையும் கொத்தமல்லியும் வரும். வெளிச்சம் குறைந்த காம்பராவுக்குள் மணி பிளான்ட் நிற்கும். வீட்டுக்குள் இருக்கிற செடி நம் ஊரில் தாகத்தால் சாவது அரிது. அளவுக்கு மீறி ஊற்றிய நீரால்தான் சாகிறது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தட்டில் தேங்கிய நீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள். டெங்கு நுளம்புக்கு அந்த அளவு நீரே போதும்.

புல்வெளியைப் பற்றிப் பேசினால் சிலர் அது துரைமாரின் விடயம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தேயிலை மலையைச் சுரண்டியால் வழித்துத் துப்புரவாக வைத்த பழக்கத்தில், நம் வாசலையும் ஒரு புல் இல்லாமல் வழித்துவிட்டு, அதைச் சுத்தம் என்று நம்புகிறோம். வழித்த வாசல் ஒவ்வொரு மழையிலும் ஒரு விரல்கடை கீழிறங்கி, கடைசியில் அத்திவாரக் கல் வெளியே தெரிகிறது. சரிவான வாசலில் புல் அலங்காரமல்ல, மண்ணைப் பிடித்திருக்கும் காப்பு. தாழ்வாகப் படரும் அகன்ற இலைப் புல்லைத் துண்டு துண்டாகப் பதித்து, இரண்டு அங்குலத்துக்குக் கீழே வெட்டாமல் வைத்திருங்கள். கிக்குயுப் புல் வேண்டாம். மாட்டுக்கு அது நல்ல தீனி, பாத்திக்கு அடியில் ஓடும் அதன் வேரோ ஓயாத தொல்லை.

பின்வாசல் அருகே ஒரு சாக்கில் ஹைட்ரேஞ்சியாக் குச்சிகளும் ஜெரனியக் குச்சிகளும் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு இரண்டாக எடுத்துச் செல்லுங்கள். ஹைட்ரேஞ்சியாவைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கீழிலைகளை நீக்கி, மேலிலைகளைப் பாதியாக நறுக்கி, மணல் கலந்த மண்ணில் இன்றிரவே ஊன்றி நிழலில் வையுங்கள். ஜெரனியம் அப்படியல்ல, வெட்டுவாய் காயும்வரை ஒரு நாள் இஸ்தோப்பில் கிடக்கட்டும், நாளை மாலை ஊன்றலாம்.